நெடுஞ்சாலையில் கேமரா பார்த்துவிடுகிறது, அப்புறம்?

நெடுவழியன்:

வணக்கம் நண்பர்களே. "அறிவார்ந்த போக்குவரத்து மேலாண்மை" என்ற பெயரில் நெடுஞ்சாலைகளில் கேமரா, ரேடார், மின்பலகை என்று வந்துகொண்டே இருக்கின்றன. இதைப் பற்றி எங்கே பேசினாலும் பேச்சு கேமராவின் எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகிறது. எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை கேமரா, எவ்வளவு துல்லியம், அவ்வளவுதான். எனக்கு இருக்கும் கேள்வி வேறு. கேமரா ஒன்றைப் பார்த்த பிறகு, பின்னால் வருகிற ஓட்டுநருக்கு அது தெரிய எவ்வளவு நேரம் ஆகிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு நேரம். ஒரு கார் பழுதாகி நடு லேனில் நின்றுவிட்டது, விளக்கும் அணைந்துவிட்டது. 100 கி.மீ. வேகத்தில் வருபவர் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறார். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள்ளேயே 42 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் நிற்பதற்கு இன்னும் 55 மீட்டர் வேண்டும். மொத்தம் நூறு மீட்டருக்குப் பக்கம். டிம் வெளிச்சத்தில் விளக்கில்லாத வண்டி அவ்வளவு தூரத்தில் தெரியவே தெரியாது. அதாவது கண்ணை நம்பி ஓட்டுபவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தோற்றுப்போவார். முன்கூட்டியே யாராவது சொன்னால்தான் உண்டு.

அந்த லேனில் மணிக்கு 1,200 வண்டிகள் போகின்றன என்றால் நிமிடத்துக்கு 20 வண்டி. தகவல் ஒரு நிமிடம் தாமதமானால் இருபது பேர் ஒன்றும் தெரியாமல் அந்த இடத்தை நோக்கி வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் இறப்பதாகச் சொல்கிறது. 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமே இதுதான். ஆகவே தொழில்நுட்பம் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அது அந்த ஒரு நிமிடத்தை எவ்வளவு குறைக்கிறது என்று கேட்கிறேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

எண்கோணம்:

நல்ல கேள்வி. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான கேமராக்கள் அந்த வேலைக்காக நிற்கவில்லை, அபராதத்துக்காக நிற்கின்றன. அதிலும் ஒரே இடத்தில் வேகம் பிடிக்கும் கேமரா என்ன செய்கிறது? எல்லோரும் அதன் முன்னால் சட்டென்று பிரேக் அடிக்கிறார்கள், தாண்டியதும் மறுபடி மிதிக்கிறார்கள். சீராகப் போன கூட்டத்தில் நாமே ஒரு குலுக்கலை உண்டாக்குகிறோம். இதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மின்மினி:

எண்கோணம், நீங்கள் சொல்வது ஒற்றைக் கேமராவுக்குச் சரி. அதற்கு மாற்று வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. சராசரி வேகக் கண்காணிப்பு. சாலையின் ஒரு பகுதிக்குள் நுழையும்போது எண் பலகையையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும், வெளியேறும்போது மறுபடி குறிக்கும். 10 கி.மீ. தூரத்தை 5 நிமிடத்தில் கடந்தால் 120 கி.மீ. வேகம். கேமரா முன்னால் மட்டும் பிரேக் அடித்து ஒரு பயனும் இல்லை, முழு தூரமும் நிதானமாகத்தான் போக வேண்டும். இத்தாலியின் நெடுஞ்சாலைகளில் "டியூட்டர்" என்ற பெயரில் 2005 முதல் இது இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஏ9 சாலையில் 2014 அக்டோபரில் வந்தது.

வேகத்தைச் சற்றுக் குறைத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: சராசரி வேகம் 1 சதவீதம் ஏறினால் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் ஏறுகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதும், தப்பிக்கக் கிடைக்கும் நேரம் குறைவதும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன.

எண்கோணம்:

சராசரி வேகம் அளப்பதை ஏற்கிறேன். ஆனால் அதற்குத் தவறு செய்யாத எல்லோருடைய எண் பலகையையும் படிக்க வேண்டியிருக்கிறதே. யார் எப்போது எங்கே போனார்கள் என்ற பதிவு யார் கையில் இருக்கும்? எத்தனை நாள் இருக்கும்? இதற்குப் பதில் சொல்லாமல் "உயிர் காக்கும் தொழில்நுட்பம்" என்று மட்டும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மின்மினி:

கேட்க வேண்டிய கேள்விதான். ஜெர்மனியில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. ஹானோவர் அருகே பி6 சாலையில் இரண்டு கிலோமீட்டர் சொச்சம் நீளத்துக்கு 2019 ஜனவரியில் இந்த முறையைத் தொடங்கினார்கள். எல்லோருடைய எண்ணையும் படிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று மார்ச் மாதமே நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மாநில அரசு சட்டத்தைத் திருத்தி, அதன் பிறகு ஜூலையில்தான் மறுபடி ஓடியது. வரம்புக்குள் போனவர்களின் விவரம் வெளியேறும் இடத்திலேயே அழிந்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் சரியான முறையாகப் படுகிறது. சட்டம் முதலில், அழிக்கும் விதி மென்பொருளுக்குள்ளேயே. "பிறகு அழித்துக்கொள்ளலாம்" என்று சேமித்த தரவை யாரும் அழிப்பதில்லை. மென்பொருள் துறையில் இருப்பதால் சொல்கிறேன்.

திரைமுன்பணி:

நெடுவழியன் கேட்டதற்கு வருகிறேன். நான் ஒரு நெடுஞ்சாலைக் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்பவன். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது வேண்டாம்.

வண்டி நின்றதும் என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறேன். ரேடாரோ வீடியோ மென்பொருளோ நகராத ஒரு பொருளைக் கவனிக்கிறது. உடனே கத்தாது. சில நொடி பொறுத்து, இன்னும் நகரவில்லை என்றால் என் திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வரும். நான் அதைத் தொட்டதும் பக்கத்துக் கம்பத்துக் கேமரா அந்தப் பக்கம் திரும்பும். திரும்பி, பெரிதாக்கி, ஃபோகஸ் ஆவதற்குள் சில நொடி. இரவும் மழையும் சேர்ந்தால் திரையில் தெரிவது வெள்ளைக் கோடுகளும் ஒரு கறுப்புத் திட்டும்தான். அது வண்டியா, ஈரச் சாலையில் எதிர்ப்பக்க முகப்பு விளக்கின் பிரதிபலிப்பா, பறந்து வந்த தார்ப்பாயா என்று நான் முடிவு செய்ய வேண்டும். வண்டிதான் என்றால் எந்த லேன் என்று பார்த்து, அந்த லேனுக்கு மேலே சிவப்புப் பெருக்கல் குறி, அதற்கு முன்னால் உள்ள பலகைகளில் 80, அதற்கும் முன்னால் 100 என்று படிப்படியாக இறக்க வேண்டும். அதற்கான திட்டம் தயாராகவே இருக்கும், நான் ஒப்புதல் கொடுத்தால் போதும். அப்புறம் ரோந்து வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்ல வேண்டும்.

கருவிக்கு இதில் ஆகும் நேரம் மிகக் குறைவு. மனிதனுக்கு ஆகும் நேரம்தான் அதிகம். அதிலும் மோசமானது, பொய் அலாரம். ஒரு ஷிப்டில் பத்து அலாரத்தில் ஏழெட்டு நிழலும் குப்பையுமாக இருந்தால், ஒன்பதாவது அலாரத்தை எவ்வளவு பொறுப்பான ஆளும் கொஞ்சம் மெதுவாகத்தான் தொடுவார். சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். மனித மூளை அப்படித்தான். எனவே கருவி வாங்குபவர்கள் "95 சதவீதம் கண்டுபிடிக்கும்" என்ற வாக்கியத்தோடு நிறுத்தாமல், ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பொய் அலாரம் என்றும் கேட்க வேண்டும்.

நெடுவழியன்:

இதைத்தான் தேடினேன். அப்படியானால் மனித ஒப்புதலையே எடுத்துவிட்டால் என்ன? அலாரம் வந்த உடனேயே பலகை தானாக எச்சரிக்கட்டும், பிறகு நீங்கள் பார்த்து உறுதி செய்யுங்கள்.

திரைமுன்பணி:

வரிசை கட்டி நிற்கும் நெரிசலுக்கு அது ஏற்கெனவே உண்டு. இங்கிலாந்தின் மோட்டார்வேக்களில் "மைடாஸ்" என்ற அமைப்பு. தாருக்கு அடியில் ஏறத்தாழ 500 மீட்டருக்கு ஒன்றாகக் கம்பிச் சுருள் புதைத்திருப்பார்கள். வண்டிகள் மெதுவாகி ஒரே சுருளின் மேல் அதிக நேரம் இருக்க ஆரம்பித்தால், யாரையும் கேட்காமல் பின்னால் உள்ள பலகைகளில் வேகம் இறங்கிவிடும். அது தவறினாலும் பெரிய நட்டமில்லை, கொஞ்ச நேரம் எல்லோரும் மெதுவாகப் போவார்கள். லேனை மூடும் சிவப்புக் குறி அப்படி இல்லை. நெரிசல் நேரத்தில் தவறாக மூடினால் மூன்று லேன் கூட்டம் இரண்டில் நுழையப் பார்க்கும், அங்கேயே மோதல் வரும். ஆகவே என் கருத்து: "முன்னால் தடை இருக்கலாம், வேகம் குறைக்கவும்" என்பது தானாக வரட்டும். லேனை மூடுவதை ஆள் பார்த்துச் செய்யட்டும்.

பத்துச்சக்கரம்:

லாரி ஓட்டுபவனாக நானும் சொல்லலாமா? பலகை வைப்பவர்கள் ஒரு தடவை எங்கள் சீட்டில் உட்கார்ந்து அதைப் படித்துப் பார்க்க வேண்டும். நான்கு வரி எழுதினால் இரண்டாவது வரிக்குள் பலகை தலைக்கு மேலே போய்விடும். "2 கி.மீ.யில் விபத்து. வலது லேன் மூடல்." இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். சாலைப் பாதுகாப்பு வாசகம், பண்டிகை வாழ்த்து இதெல்லாம் அதில் ஓடினால் பலகையைப் பார்க்கிற பழக்கமே போய்விடும்.

இன்னொன்று, 60 என்று போட்டிருப்பான். சாலை காலியாக இருக்கும். மூன்று கி.மீ. போனாலும் ஒன்றும் இருக்காது. பிறகு நிஜமாகவே ஆபத்து இருக்கும் நாளில் யார் மதிப்பார்கள்?

திரைமுன்பணி:

அண்ணா, இரண்டாவதில் பாதி நியாயம் எங்கள் பக்கமும் இருக்கிறது. மீதி உங்கள் பக்கம்தான்.

நீங்கள் பலகையைப் பார்க்கும்போது முன்னால் நெரிசல் இருந்திருக்கும். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் கலைந்திருக்கும். நீங்கள் மெதுவாக வந்ததே அது கலைந்ததற்கு ஒரு காரணமாகவும் இருக்கலாம். ஜப்பானில் ஆய்வாளர்கள் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். 2008ல் அந்த ஆய்வு வெளியானது. தடை எதுவும் இல்லை, விபத்து இல்லை, லேன் மாறுவதுகூட இல்லை. சிறிது நேரத்தில் யாரோ ஒருவர் கொஞ்சம் நெருங்கி, லேசாகப் பிரேக் தொட, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் அழுத்த, கடைசியில் சில கார்கள் முழுவதுமாக நின்றேவிட்டன. அந்த நெரிசல் ஒரு அலை மாதிரி மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தது. நிஜ நெடுஞ்சாலையிலும் இதே மாதிரிதான். முன்னால் 5 கி.மீ. தொலைவில் யாரோ அழுத்திய பிரேக் கால் மணி நேரம் கழித்து உங்களிடம் வருகிறது. அந்த அலைக்குள் 100ல் வந்து மோதுவதைவிட 60ல் வந்து சேர்ந்தால் அலையே சிறுத்துவிடும். லண்டனைச் சுற்றியுள்ள எம்25ல் 1995 முதல் மாறும் வேக வரம்பு வைத்திருப்பது இதற்காகத்தான்.

உங்கள் பக்க நியாயம்: வேலை முடிந்த பிறகும் அணைக்காமல் விட்ட பலகைகள் எல்லாச் சாலைகளிலும் உண்டு. அது எங்கள் தவறு. காரணத்தையும் சேர்த்துப் போட்டால், "நெரிசல், 60" என்று, கொஞ்சம் நம்பிக்கை வரும்.

தூரிகை:

நெடுஞ்சாலைக்குள் ஏறும் நுழைவுச் சரிவில் சிக்னல் வைத்து வண்டிகளை ஒவ்வொன்றாக விடுகிறார்களே, அதுவும் இந்த அலையைத் தடுக்கத்தானா? காத்திருக்கும்போது எரிச்சலாக இருக்கிறது. நிஜமாகவே பயன் உண்டா?

மின்மினி:

உண்டு. அதற்கு அழகான ஒரு சோதனையே இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களைச் சுற்றி ஏறத்தாழ 430 நுழைவு சிக்னல்கள் இருந்தன. மக்களுக்கும் உங்களைப் போலவே எரிச்சல். சட்டமன்றமே தலையிட்டு, 2000ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சில வாரம் எல்லாவற்றையும் அணைத்துப் பார்க்க வைத்தது. விபத்துகள் 26 சதவீதம் ஏறின, பயண நேரம் 22 சதவீதம் கூடியது, சாலை தாங்கிய வண்டிகளின் எண்ணிக்கை 9 சதவீதம் குறைந்தது. பிறகு மறுபடி போட்டார்கள். ஆனால் பழையபடி அல்ல. சரிவில் யாரும் நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று கணக்கை மாற்றினார்கள். ஒரு கருவியை நிறுத்திப் பார்த்து அதன் பயனை அளந்த துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மற்ற கருவிகளுக்கும் யாராவது இப்படிச் செய்ய வேண்டும்.

எண்கோணம்:

நானும் ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன், கருவியே இல்லாதது. ஸ்வீடனில் 13 மீட்டர் அகலமுள்ள சாலைகளில் எதிரெதிர் மோதல்கள் நிறைய நடந்தன. 1997ல் அவர்கள் நாடாளுமன்றம் "சாலையில் ஒரு உயிர்கூடப் போகக் கூடாது" என்ற கொள்கையை ஏற்றது. 1998லிருந்து அந்தச் சாலைகளை மூன்று லேனாகப் பிரித்து, ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து, நடுவில் எஃகுக் கம்பிவடத் தடுப்புப் போட்டார்கள். அவ்வளவுதான். அந்தச் சாலைகளில் சாவு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைந்தது. கம்பிவடத்துக்கு மின்சாரம் வேண்டாம், மென்பொருள் அப்டேட் வேண்டாம். மழையில் குருடாகாது. தூங்கிப்போன ஓட்டுநரையும் காப்பாற்றும்.

இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். சாலையோர ஒதுங்கிடத்தையே ஓடும் லேனாக மாற்றினார்கள். வண்டி பழுதானால் ரேடார் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அவசர நிறுத்தங்களுக்கு இடையே 2.5 கி.மீ. வரை இடைவெளி விட்டிருந்தார்கள். நின்ற வண்டியைக் கண்டுபிடிக்கும் கருவி சொன்ன அளவுக்கு வேலை செய்யவில்லை என்று அவர்களுடைய ஒழுங்குமுறை அலுவலகமே 2022ல் சொன்னது. 2023 ஏப்ரலில் புதிதாக இப்படிச் சாலை அமைக்கும் திட்டங்களை அரசு ரத்து செய்தது. மக்களுக்கு நம்பிக்கை இல்லை, செலவும் தாங்கவில்லை என்பதே காரணம். ஒதுங்க இருந்த இடத்தை எடுத்துக்கொண்டு ஒரு கருவியைக் கொடுத்தார்கள். இதை என்னால் ஏற்கவே முடியாது.

நெடுவழியன்:

இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். நம் எல்லோருக்கும் இது ஒரு எல்லைக்கோடாக இருக்கட்டும். இருக்கிற பாதுகாப்பின் மேல் கருவியைச் சேர்க்கலாம், ஒன்றை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வைக்கக் கூடாது. தடுப்புக் கம்பி, ஒதுங்கிடம், சக்கரம் ஏறினால் அதிரும் ஓரக் கோடு இவையெல்லாம் முதலில். ஆனால் கம்பிவடத்தால் முடியாததும் இருக்கிறது அல்லவா? எதிர்த்திசையில் நுழையும் வண்டி மாதிரி.

மின்மினி:

ஆமாம், அதற்கு நல்ல மாதிரி அரிசோனாவில் இருக்கிறது. ஃபீனிக்ஸ் நகர் வழியே போகும் ஐ-17 சாலையில் 2018 ஜனவரியில் 24 கி.மீ. நீளத்துக்கு 90 வெப்பக் கேமராக்கள் வைத்தார்கள். வெளியேறும் சரிவு வழியாக யாராவது தவறாக உள்ளே நுழைந்தால் அவருக்கு முன்னால் ஒளிரும் பலகை எரியும். அதே நொடியில் காவல்துறைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் தகவல் போகும். சரியான திசையில் வருபவர்களுக்கு மேலே உள்ள பலகைகள் எச்சரிக்கும். தூரிகைக்குப் பிடிக்காத அந்த நுழைவு சிக்னல்களும் சிவப்புக்கு மாறி, புதிதாக யாரும் சாலைக்குள் வராமல் தடுக்கும். ஒரே அலாரத்தில் இத்தனையும். நெடுவழியன் முதலில் கேட்ட அந்த ஒரு நிமிடத்துக்கு இங்கே பதில் இருக்கிறது. கேமராவைவிட, அதற்குப் பின்னால் என்னென்ன இணைத்திருக்கிறார்கள் என்பதுதான் பெரிது.

வெப்பக் கேமராவுக்கு இன்னொரு நன்மை. சாதாரண வீடியோ மென்பொருளுக்குக் கார், லாரி படங்களை மட்டும் காட்டிப் பழக்கியிருந்தால் நடந்து போகிறவரையும், இருசக்கர வண்டியையும், குறுக்கே வரும் விலங்கையும் தவறவிடும். வெப்பக் கேமரா இருட்டிலும் உடல் சூட்டைப் பார்க்கும்.

பத்துச்சக்கரம்:

தூங்கிப்போகும் ஓட்டுநர் என்று ஒரு பேச்சு வந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்களில் பலர் சாவது அதில்தான்.

கண் செருகினால் சத்தம் போடும் கருவி வண்டிக்குள் வருகிறது. நல்லது. முன்னால் தடை வந்தால் தானே பிரேக் பிடிக்கும் வசதியை ஐரோப்பாவில் பெரும்பாலான புது கனரக லாரிகளுக்கு 2015லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். மிகவும் நல்லது. ஆனால் தூக்கம் வருகிறது என்று கருவி சொன்னதும் நான் எங்கே போவேன்? ஓய்வு நிறுத்தத்துக்குள் நுழைந்தால் இடமில்லை. அடுத்ததுக்கு இன்னும் ஒரு மணி நேரம். அங்கேயும் இடமில்லை என்றால் ஓரத்தில் நிறுத்துவேன், அல்லது கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட்டுவேன். இரண்டுமே ஆபத்து. ஓரத்தில் நிறுத்திய லாரிதான் நெடுவழியன் சொன்ன அந்த விளக்கில்லாத வண்டியாகிறது.

அமெரிக்காவில் எட்டு மாநிலங்கள் சேர்ந்து 2019 ஜனவரி முதல் ஒரு ஏற்பாடு செய்திருக்கின்றன. ஓய்வு நிறுத்தங்களில் காலி இடத்தைக் கருவி எண்ணி, முன்கூட்டியே சாலைப் பலகையில் காட்டுகிறது. அடுத்ததில் 4 இடம், அதற்கடுத்ததில் 17 இடம் என்கிற மாதிரி. ஓட்டுநர் தன் உடம்பைப் பார்த்து முடிவு செய்யலாம். என்னைக் கேட்டால் வேகக் கேமராவுக்கு முன்னால் இதைத்தான் செய்ய வேண்டும்.

தூரிகை:

இது எனக்குத் தோன்றவே இல்லை, பத்துச்சக்கரம் அண்ணா. நன்றி. விபத்து நடந்த பிறகு உதவி வருவதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

திரைமுன்பணி:

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புது மாடல் கார்களில் "இ-கால்" கட்டாயம். காற்றுப்பை விரிந்ததும் கார் தானே அவசர உதவி எண்ணான 112ஐ அழைத்து, இருக்கும் இடத்தையும் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடும். திசை மிக முக்கியம். நடுவில் தடுப்பு இருக்கும் சாலையில் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்தால் அடுத்த திருப்பம் வரை போய் வர வேண்டும். அதில் போகிற நிமிடங்கள் திரும்பக் கிடைக்காது.

இதில் ஒரு பாடமும் உண்டு. அந்தக் கருவிகள் 2ஜி, 3ஜி அலைவரிசையை நம்பிக் கட்டப்பட்டவை. தொலைபேசி நிறுவனங்கள் அவற்றை மூடிக்கொண்டு வருகின்றன. கார் பதினைந்து ஆண்டு ஓடும், சாலை அதற்கும் மேல். தொலைத்தொடர்பு அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. புதிய தலைமுறைக் கருவிகளை 4ஜி, 5ஜிக்கு மாற்றுகிறார்கள். ஏற்கெனவே விற்ற கார்களின் கதி என்ன என்பது பெரிய தலைவலி.

எண்கோணம்:

அப்படியானால் பராமரிப்பையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும். கருவி நிறுவிய நாளில் நடக்கும் சோதனை மட்டும் போதாது. ஐந்தாம் ஆண்டு, மழை இரவில், தூசி படிந்த லென்ஸோடு அது எப்படி வேலை செய்கிறது என்று யாராவது அளந்து பொதுவில் வெளியிட வேண்டும்.

நெடுவழியன்:

நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். ஒவ்வொரு சம்பவத்துக்கும் நான்கு நேரங்களை வெளியிடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். வண்டி நின்ற நேரம், அலாரம் வந்த நேரம், பலகை மாறிய நேரம், உதவி வந்து சேர்ந்த நேரம். திரைமுன்பணி, இவை உங்கள் அமைப்பில் பதிவாகுமா? வேறு எதையாவது சேர்க்க வேண்டுமா?

திரைமுன்பணி:

கடைசி மூன்றும் பதிவாகும். முதலாவதைக் கேமராப் பதிவைப் பின்னோக்கி ஓட்டித்தான் எடுக்க முடியும். எல்லாச் சம்பவத்துக்கும் முடியாது, மாதிரிக்குச் சிலவற்றை எடுக்கச் சொல்லுங்கள். ஐந்தாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: லேன் காலியான பிறகு பலகையை அணைத்த நேரம். பத்துச்சக்கரம் அண்ணாவின் புகாருக்குப் பதில் அந்த எண்ணில்தான் இருக்கும். முடிந்தால், அந்த நேரத்தில் ஒரு ஆள் எத்தனை கிலோமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் கேளுங்கள்.